துலுக்கானத்தின் பதில்கள்

முதுநிலை மருத்துவம் படிக்கிறவர்களுக்குத் தீசிஸ் என்பது கழுத்தில் கட்டிய கல். முடிக்காவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் அறுவை சிகிச்சை படித்த வர்ஷாவுக்குச் சர்க்கரை நோயாளிகளின் கால் புண் வாய்த்தது. புதுக் களிம்பு ஒன்று புண்ணை ஆற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆள் பிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. சேர்ந்தவர்களிலும் பாதிப் பேர் போனை எடுப்பதில்லை.

துலுக்கானம் மட்டும் முதல் மணியிலேயே எடுப்பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். வாராவாரம் நேரில் வரவேண்டியவர்தான். லீவு போட்டால் சம்பளம் பிடிக்கிறார்கள் என்றார். வர்ஷாவுக்கும் வார்டு வேலை தலைக்குமேல் கிடந்தது. சரி, போனிலேயே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டாள். அதற்குச் சோம்பல் என்றுதான் பெயர்.

"சீழ் வருதாண்ணா?"

"இல்லம்மா."

"ஜுரம்?"

"அது இன்னாத்துக்கு வருது? சோக்கா கீறேன்."

அவள் நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். முழங்காலுக்குக் கீழே கறுத்திருந்தது. உயிரைக் காப்பாற்றக் காலை எடுத்தார்கள். வர்ஷாவும் கூட நின்றாள்.

வார்டுக்கு வெளியே அவர் மனைவி நாகவல்லியிடம், "ஏங்க்கா முன்னாடியே கூட்டிட்டு வரல?" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"நான் சொல்லாமயா இருப்பேன்? ஜுரத்துல நடுங்கிகினேதான் உன் போன எடுப்பாரு. புண்ணு ஆறலன்னா அந்தப் பொண்ண பெயிலாக்கிடுவாங்கடீ, எல்லாருக்கும் ஆறுனாதான் பட்டம் குடுப்பாங்கன்னாரு. அப்பிடியா கண்ணு?"

அப்படி இல்லை. ஆறினாலும் ஆறாவிட்டாலும் உள்ளதை எழுதினால் போதும், அதுதான் ஆராய்ச்சி. சம்மதக் கையெழுத்து வாங்கும்போது களிம்பைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டியவளுக்கு, இந்த ஒரு வரியைச் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் துலுக்கானம் கண் விழித்தார். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். திட்டட்டும், நாலு வார்த்தை திட்டித் தீர்க்கட்டும் என்று அவள் ஏங்கினாள்.

"கோச்சுக்காதம்மா. கால் பூடுச்சு," என்றார். "என்னைக் கணக்குலேந்து எடுத்துடு. நீ படிச்ச படிப்பு வீணாப் பூடப்போவுது."

"உங்களை எடுக்கக் கூடாதுண்ணா," என்றாள் வர்ஷா.

அவள் மேலே சொல்வதற்குள் அவர் முகம் கோணியது. "அப்போ பெயிலா?" என்றார். கால் போனதற்கு அழாத மனுஷன் அதற்கு அழுதார்.