பெஞ்சில் கைமாறும் மாத்திரைகள்

பூங்காவில் காலை நடை என்று பெயர்தான். நடந்ததென்னவோ வாய் மட்டும்தான். அரைச் சுற்று முடிந்ததும் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து மாத்திரை டப்பாக்களைத் திறப்பார்கள். என் முட்டிவலி மாத்திரை உனக்கு, உன் வாயு மாத்திரை எனக்கு என்று பண்டமாற்று நடக்கும். டாக்டர்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள்.

ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் தன் வெள்ளை மாத்திரையை யாருக்கும் தரமாட்டார். "எச்சில் கையால காக்கா ஓட்டமாட்டான்" என்பார் முன்னாள் தலைமையாசிரியர்.

அது எச்.ஐ.வி. மாத்திரை. அடுத்த மாதம் தபால்காரரும், பெஞ்சின் மூன்றாவது ஆளான டைப்பிஸ்ட் அம்மாவும் பதிவுத் திருமணம் செய்வதாக இருந்தார்கள். இரண்டு பேருமே துணையை இழந்தவர்கள். நாற்பது வருடம் ஊராருடைய நல்லது கெட்டதை வீடு வீடாகக் கொடுத்த மனுஷனுக்கு, தன் ஒரு வரிச் செய்தியை அந்த அம்மாவிடம் கொடுக்கத் துணிவில்லை. சொன்னால் விட்டுப் போய்விடுவார் என்று பயந்து செத்தார்.

அன்றைக்கு டைப்பிஸ்ட் அம்மாவுக்கு முட்டியில் உயிர் போகிற வலி. தபால்காரர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்த நேரத்தில் அந்த அம்மா அவர் டப்பாவிலிருந்து வெள்ளை மாத்திரையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோய்விட்டார்.

"ஐயோ, போடாதீங்க! அது எச்.ஐ.வி. மாத்திரை! எனக்குத்தான் அது!"

டைப்பிஸ்ட் அம்மா மாத்திரையை வாயருகிலிருந்து இறக்கினார்.

"இந்த வயசுலயா?" என்றார் தலைமையாசிரியர்.

"டாக்டரும் அதைத்தான் கேட்டார். ரெண்டு வருஷம் வயசுக் கோளாறுன்னு சொல்லியே டெஸ்ட் எடுக்காம விட்டுட்டாங்க."

தலைமையாசிரியர் நெருங்கி உட்கார்ந்தார். குரல் இறங்கியது. "அந்த டெஸ்ட் எங்கப்பா எடுக்கறாங்க? எனக்கில்ல, என் சிநேகிதன் ஒருத்தனுக்கு." அவருக்கு இருந்த சிநேகிதர்கள் மொத்தமும் அந்த பெஞ்சில்தான் இருந்தார்கள்.

டைப்பிஸ்ட் அம்மா சிரிக்கவில்லை. தபால்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்கும் வருமா?"

"தினமும் தவறாம போடறேன். ரத்தத்துல கிருமியே தெரியலையாம். இப்படியே இருந்தா உறவுல தொத்தாதுன்னு டாக்டர் சொன்னார். நீங்களே வந்து கேளுங்க."

"கேக்கத்தான் போறேன். எனக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்றேன். இத்தனை நாள் ஏன் சொல்லலைங்கற சண்டை தனியா இருக்கு."

"அப்போ கல்யாணம்?"

அந்த அம்மா மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"முதல்ல இதை முழுங்குங்க. சண்டை போட எனக்கு ஆள் ரொம்ப நாள் வேணும்."