பாட்டுக்குப் பதில்

மேசைத் தலைப்பில் தமிழ்ச் சங்கத் தலைவர் யோகராசா. அவருக்கு வலப்பக்கம் பொருளாளர் அருளானந்தன். கதவோரம், குறிப்பெழுதச் செயலாளர் மரியகொறற்றி. எதிர்ச்சுவரோடு, மடியில் இரண்டு தந்தித் தொம்பிராவுடன், கசாக் பாடகர் ஒராஸ்பெக். அவருக்குப் பிள்ளைகளின் குட்டிக் கதிரைதான் கிடைத்திருந்தது. முழங்கால்கள் நெஞ்சை முட்டின.

போன கிழமை, நோர்வேயின் அம்மருட் மண்டபத்தில் நடந்த பொங்கல் விழாவுக்கு அவரைக் கூப்பிட்டு, "எங்களைப் பற்றிப் பாடும்" என்று கேட்டவர் யோகராசாதான். 'அகின்' எனப்படும் அந்த நாட்டுப் பாடகன் எதையும் எழுதிவைத்துப் பாடுவதில்லை. சபையைப் பார்த்து அந்த நேரமே கட்டிப் பாடுவான். புகழும் பாடுவான், குறையும் பாடுவான். பாடப்பட்டவர் பாட்டாலேயே பதில் சொல்லவேண்டும். வாயடைத்துப் போனவர் தோற்றவர். ஒராஸ்பெக் மண்டபத்தைப் புகழ்ந்தார், பொங்கலைப் புகழ்ந்தார். பிறகு தலைவரின் முகத்தைப் பார்த்து, விடியமுதல் சமைத்த பெண்கள் ஏன் கதவடியில் நிற்கிறார்கள், முன்வரிசை வெறுங்கதிரைகள் யாருக்காகக் காத்திருக்கின்றன என்று கேட்டு, அதை நோர்வேஜிய மொழியிலும் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒலிவாங்கி நின்றுபோனது. நிறுத்தச் சொல்லி யோகராசா கையசைத்ததை, கதவடியில் நின்ற மரியகொறற்றி கண்டாள்.

"மன்னிப்புக் கடிதம் தரட்டும். இல்லாட்டி சனிக்கிழமையிலை மண்டபம் இல்லை" என்றார் தலைவர். சனிக்கிழமைகளில்தான் கசாக் குடும்பங்கள் ஒராஸ்பெக்கின் பாட்டைக் கேட்க அங்கே கூடுவது. அவர்களுக்கு வேறு இடமில்லை.

"வாய்க்கு வந்ததைப் பாடுறதும் ஒரு கலையோ?" என்று அருளானந்தன் சிரித்தார்.

ஒராஸ்பெக் மெதுவாகச் சொன்னார்: தன் நாட்டில், தண்ணீர்க் குழாய்க்கு வந்த காசு எங்கே என்று ஊர் ஆளுநரைக் கேட்டுப் பாடியதற்காக மறியலில் அடைபட்டுக் கிடந்தவர் அவர். வெளியே வந்ததும் சிறை வாசலிலேயே அடுத்த பாட்டைத் தொடங்கினாராம். பாட்டுக்கு மன்னிப்பு என்று ஒன்றை அவர் கேள்விப்பட்டதில்லை. தொம்பிராவை உறையில் போட்டுக்கொண்டு எழும்பிப் போனார்.

"மண்டபம் இல்லை எண்டு எழுதும் தங்கச்சி. சங்கத்தின்ரை தாளிலை, முறைப்படி" என்றார் தலைவர்.

"நீங்கள்தானே அண்ணை பாடச் சொன்னனீங்கள்?"

"சொன்னனான். அதுக்கு இப்பிடியே?"

அவளுக்குக் காது சுட்டது. எத்தனை பொங்கல், எத்தனை கலைவிழா. முன்வரிசையில் இருந்ததாக ஒரு நினைவும் இல்லை. வந்த ஒருவர் ஒரு மாலையில் கண்டதை இவர்கள் இத்தனை வருடம் காணவில்லை. காணவில்லையா? கண்டுகொண்டுதான் இருந்தார்கள்.

திகதி, பெறுநர் ஒராஸ்பெக், விடயம், எல்லாம் முறைப்படி எழுதினாள். பங்குனிப் பொதுக்கூட்டத்தில் தலைவர் தங்கள் கேள்விக்குப் பாட்டாலேயே பதில் சொல்வார். சனிக்கிழமை மண்டபம் வழமைபோலத் திறந்திருக்கும். பிரதி: அங்கத்தவர் அனைவருக்கும். செயலாளர் என்று அழுத்திக் கையெழுத்திட்ட இடத்தில் தாள் கிழிந்தது.

"எழுதியாச்சோ?" குளிர்ச்சட்டையைப் போட்டபடி கேட்டார் யோகராசா.

"ஓம் அண்ணை. முறைப்படி."

நகலெடுத்து, உறைகளை நாக்கால் ஈரமாக்கி ஒட்டி, தெருமுனைச் சிவப்புத் தபால்பெட்டிக்குக் கொண்டுபோனாள். தலைவரின் முகவரி எழுதிய உறையை முதலில் போட்டாள். மூடியிலிருந்த பனி அவளுடைய கையுறைக்குள் சரிந்தது. உதறாமல், அடுத்ததைத் தள்ளினாள்.