பொருள் எழுதாத சொல்

எல்வினின் குறிப்பேட்டில் ஒரே ஒரு ஒமாஹா பழங்குடி மொழிச் சொல்லுக்கு எதிரே மட்டும் பொருள் எழுதப்படாமல் இருந்தது.

டார்லின் இருந்தவரை அப்படி நேர்ந்ததில்லை. மேசி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காகக் கணவனும் மனைவியுமாகச் சேர்த்த சொற்கள் அவை. சந்தேகம் வந்தால் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்த் தாய் ஹேசலிடம் கேட்டு வருவாள். மருமகன் மாமியாரிடம் பேசுவதில்லை. அவன் இருக்கும் அறைக்குள் அவள் வருவதுமில்லை. பகையல்ல, ஒமாஹா வழக்கத்தில் அது மரியாதை. பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் அப்படித்தான்.

டார்லினைப் புதைத்து நாலு நாளாகிறது. கடைசி மாலை, ஆஸ்பத்திரியில் அவன் கையைப் பிடித்தபடி அவள் திரும்பத் திரும்ப முணுமுணுத்த சொல் அது. தனக்காகச் சொன்னது என்று நம்பினான். அதனாலேயே கையை விடாமல் உட்கார்ந்திருந்தான், அவள் அடங்கும்வரை.

டார்லினின் தம்பி விக்டர் எட்டிப் பார்த்தான்.

“இவ்ளோ வருஷமா எழுதுற மச்சான், என் குதிரைக்கு உன்னைவிட நல்லா ஒமாஹா தெரியும்.”

மச்சான்கள் சீண்டிக்கொள்ளத்தான் வேண்டும். இன்று இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

“இதுக்கு அர்த்தம் தெரியுமாடா?”

“எனக்குத் திட்ட மட்டுந்தான் தெரியும்.”

“அப்போ அம்மாகிட்ட கேளு. அக்கா கடைசியா சொன்னது.”

விக்டர் உள்ளே போனான். சோளக் கஞ்சி கிளறும் ஓசை நின்றது.

திரும்பி வந்தவன் உட்காரவில்லை.

“சின்னப் புள்ளைங்க சொல்றதாம். வந்து தூக்கிக்கோன்னு. அம்மாவை மட்டுந்தான் அப்படிக் கூப்பிடுவாங்களாம்.”

ஹேசல் அன்று ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். பத்தடி தள்ளி, வராந்தா பெஞ்சில். மருமகன் உள்ளே இருந்ததால் வாசல் தாண்டவில்லை. அவன் எழுந்து வெளியே போயிருந்தால் போதும்.

கேட்காமலே இருந்திருக்கலாம். இப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

“மச்சான்…” விக்டர் தரையைப் பார்த்தான். “அக்கா எத்தனை தடவை கூப்பிட்டான்னு அம்மா கேக்குறாங்க.”

எல்வின் குறிப்பேட்டை மூடினான். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சுவிடுவதுகூடக் கேட்பது போலிருந்தது.

“ஒரு தடவைதான்னு சொல்லு. உடனே தூங்கிட்டா,” என்றான், சமையலறைக்குக் கேட்கும்படி உரக்க.