ஏழாவது லைன்

"இன்னா ரமா, ஊறுகாய இம்மாம் வெச்சிக்கிற? யார்டுக்கே பந்தி போடணுமா?"

காலை பத்து மணி டீ நேரத்தில் ரயில்வே யார்டிலிருந்து பகலவன் போனில் கேட்டான். சோற்று டப்பாவை மத்தியானம் வரை திறக்காமல் இருக்க அவனால் முடியாது. "உன் கூட்டாளி நெல்சனுக்கும் சேத்துதான். நீயே துன்னுடாத" என்றாள் அவன் மனைவி ரமாபாய். பதினொன்றே காலுக்கு, ஏழாவது லைனில் வேகனோடு வேகனைக் கோக்கக் குனிந்தவனைப் பின்னாலிருந்த வேகன் உருண்டு வந்து நசுக்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வேலைகூட வைக்கவில்லை.

இருபது நாள் கழித்து யார்டு ஆபீசில் விசாரணை. மேசைமேல் யார்டின் வரைபடம். துறைமுகத்திலிருந்து வரும் சரக்கு வண்டிகளைப் பிரித்து, ஊர் வாரியாகக் கோத்து அனுப்பும் பதினாலு லைன்கள், விரித்த விசிறி மாதிரி. ரமாபாய்க்கு அது புதிதல்ல. வியாசர்பாடி வீட்டுத் தரையில் சாக்பீஸால் பகலவன் வரைந்து காட்டியிருக்கிறான். ஒரு காலத்தில் நடுவில் மேடு இருந்ததாம். எஞ்சின் வேகன்களை அதன்மேல் தள்ளிவிடும். அவை தானாக உருண்டு போய் அதனதன் லைனில் நிற்கும். மேட்டை வெட்டியெடுத்துப் பல வருஷம் ஆகிறது. வரைபடத்தில் தரை சமம். நிஜத்தில் ஏழாவது லைனில் மட்டும் சரிவு மிச்சம் இருக்கிறது. நிற்கிற வேகனைச் சங்கிலியால் கட்ட வேண்டும் என்பது விதி. யார்டில் அத்தனை சங்கிலி கிடையாது. அதனால் ஆட்கள் சக்கரத்தடியில் மரக்கட்டை வைப்பார்கள். மேலதிகாரி பார்வையிட வரும் நாளில் கட்டைகளை ஒளித்துவிடுவார்கள். கட்டை கண்ணில் பட்டால் சங்கிலி எங்கே என்று கேள்வி வரும்.

"சமதரையில வேகன் தானா நகராதும்மா. எஞ்சின் தள்ளும்போது சைகை காட்டாம உள்ள போயிருக்காரு" என்றார் அதிகாரி. "சொந்தக் கவனக்குறைவுன்னு கையெழுத்து போடுங்க. அவருக்குப் பதிலா உங்களுக்கு வேலை குடுக்குற ஃபைல் நகரும்."

"அது சரிவு சார். அன்னிக்கு ஆபீசர் வர்றாருன்னு கட்டைய எடுத்துட்டாங்கோ. காலைல என் வூட்டுக்காரரே போன்ல சொன்னாரு. எடுத்தது நெல்சன்."

பன்னிரண்டு வருஷம் பகலவனோடு ஒரே ஷிப்டு பார்த்த நெல்சன் சுவரோரம் நின்றிருந்தான்.

"கட்டையா? அப்டி ஒரு பழக்கமே இல்ல சார். லைன் சமமாத்தான் கீது" என்றான். அவளைப் பார்க்கவில்லை.

கையெழுத்துப் போடாத காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலுக்குப் போக லைன்களைக் கடக்க வேண்டும். துணைக்கு நெல்சனையே அனுப்பினார்கள்.

"என் சோத்த துன்ன வாய்டா அது."

"திட்டு அண்ணி. செருப்பால கூட அடி. உண்மைய சொன்னா நாளைக்கே என் வேல பூடும். அண்ணன் திரும்பி வரவா போறாரு?"

"வரணும்னா கேட்டேன்? அவரு மேல தப்பு இல்லன்னு ஒரு வரி. அத்தத்தான கேட்டேன்."

ஏழாவது லைனில் ஒற்றை நிலக்கரி வேகன் நின்றிருந்தது. அதன் சக்கரத்தடியில் ஒரு கட்டை, லேசாக விலகியிருந்தது. நடந்துகொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல், நெல்சன் அதைக் காலால் உள்ளே உதைத்து இறுக்கினான்.