பின்பலகை

காலை பத்து மணி இருபது. ராகுகாலத்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. உமாசுதன் நான்கு ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, தரையில் குப்புறக் கிடந்த புத்தக அலுமாரிக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றான்.

"ஒரு ஆணி இறங்கினாச் சரி. பிறகு ஆறுதலாச் செய்வம்."

ஆணிகள் இருந்ததால் பாதிதான் விளங்கியது.

அலுமாரி அவனுடைய அக்கா கனகேஸ்வரியுடையது. இரண்டு மட்டைப் பெட்டிகளில் பலகைகளாக வந்திருந்தது. கடையின் லொறி தாமதம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாம் மாடிக்கு ஏற்றி முடிய ஒன்பதே முக்காலாகிவிட்டது. போயா, முழுநிலா நாள் விடுமுறை. வெள்ளிக்கிழமை. பக்கப் பலகைகள் இரண்டையும் மேல் பலகையோடும் கீழ்ப் பலகையோடும் திருகாணி போட்டுப் பொருத்தியது உமாசுதனுக்குத் தொடக்கமாகப் படவில்லை. ஆணி அடித்தால்தான் தொடக்கம். பெட்டிக்குள் இருந்த ஆணிகள் பின்பலகைக்கு உரியவை மட்டும். ஆகவே அவன் பின்பலகையை எடுத்து வைத்தான்.

விளக்கத் தாளில் அது ஒன்பதாவது படம். கடைசிப் படம்.

"சுதன், தட்டெல்லாம் போட்ட பிறகுதான் பின்பலகை," என்றாள் கனகேஸ்வரி.

"ராகுகாலம் தாளைப் பாத்து வாறேல்லை அக்கா."

ஒன்று போதும் என்றவன் அடிக்கத் தொடங்கியபின் நிறுத்தவில்லை. கட்டட வேலைத்தளத்தில் நாற்பது பேரை மேற்பார்வை செய்கிறவன். கையில் சுத்தியல் கிடைப்பது அபூர்வம். இருபத்திரண்டு ஆணிகளும் பத்து இருபத்தொன்பதுக்கு இறங்கியிருந்தன. மணிக்கூட்டைப் பார்த்துச் சிரித்தான்.

கனகேஸ்வரி சிரிக்கவில்லை. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. தம்பியைவிட ஒன்பது வயது மூத்தவள். கல்யாணம் செய்யவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் இருபத்தாறு வருடம் நூலகத்தைப் பார்த்தாள். அதே தெருவில் வீட்டுக்காரி மாக்ரெட்டின் வீட்டோடு ஒட்டிய ஓர் அறையில் பத்தொன்பது வருடம் இருந்தாள். மாக்ரெட் வீட்டை விற்றுவிட்டு மெல்பேணுக்கு மகளிடம் போனாள். வேறு அறை கிடைக்கும்வரை, இரண்டு மாதம் என்று சொல்லிக்கொண்டு கனகேஸ்வரி வெள்ளவத்தையில் தம்பியிடம் வந்தாள். இது ஐந்தாவது மாதம். ஏழு அறைகள் பார்த்தாள். எல்லா இடத்திலும் முதல் கேள்வி, தனியாகவா என்பதுதான். ஒரு வீட்டுக்காரி அறையைக் காட்டுவதற்கு முன்பே, வாசலில் வைத்து, "ஏதும் வருத்தம் வந்து படுத்தா ஆர் பாக்கிறது?" என்று கேட்டாள். கேள்வியில் தவறில்லை.

தம்பியின் ஃபிளாட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் அவனும் மனைவி உஷாந்தியும். மற்றதில் உஷாந்தி லண்டன், டொரொன்டோ பிள்ளைகளுக்குக் கணினி வழியாகக் கணிதம் படிப்பிக்கிறாள். அங்கே வெள்ளைப் பலகை, விளக்குகள், சத்தம் எதிரொலிக்காமலிருக்கச் சுவரில் ஒட்டிய பஞ்சு. கனகேஸ்வரி ஹோலில் படுத்தாள். காலையில் ஐந்தரைக்கு முன் மெத்தையைச் சுருட்டி சோபாவுக்குப் பின்னால் செருக வேண்டும். உடுப்பு மாற்றக் குளியலறை. உஷாந்தி இரவு வகுப்பு முடிந்து தண்ணீர் குடிக்க வரும்போது விளக்கைப் போடமாட்டாள். கைபேசி வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மெத்தையைத் தாண்டிப் போவாள். கனகேஸ்வரி நித்திரைபோலக் கண்ணை மூடியிருப்பாள். ஐந்து மாதத்தில் யாரும் யாரையும் குறையாக ஒரு சொல் சொல்லவில்லை. அதைத் தாங்குவதுதான் கடினமாக இருந்தது.

அவளுக்குப் புத்தக அலுமாரி தேவைப்படவில்லை. ஒரு சுவர் தேவைப்பட்டது. ஹோலின் கடற்பக்க மூலையைச் சாண் போட்டு அளந்து பார்த்தாள். ஆறடி உயரம், நான்கடி அகலமான அலுமாரியை, முதுகு ஹோலைப் பார்க்கும்படி வைத்தால், அதற்கும் சுவருக்கும் நடுவே மெத்தை கிடக்கும். சுருட்டத் தேவையில்லை. நான்கடி என்பதால் கால் வெளியே தெரியும். தலை தெரியாது. அது போதும். மற்றவர்களிடம், பெட்டிக்குள் கிடக்கும் புத்தகங்களைப் பூச்சி அரிக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

உமாசுதன் அலுமாரியை நிமிர்த்திவிட்டுத் தட்டுகளை எடுத்தான். ஐந்து தட்டுகள். மேலே ஒன்றும் கீழே ஒன்றும் போயின. நடுவில் மூன்றும் போகவில்லை. பக்கப் பலகைகள் நடுவில் உள்வாங்கியிருந்தன. கண்ணுக்குத் தெரியாது. தட்டை வைத்தால்தான் தெரிந்தது. மூலையைக் கீழே தள்ளினால் மற்ற மூலை எழும்பியது. அதை அமத்தினால் இது எழும்பியது.

உஷாந்தி தேநீர்க் கோப்பையோடு அறை வாசலில் நின்று பார்த்தாள்.

"நாப்பது பேரை மேய்க்கிற ஆள், மூண்டு பலகையிட்டை மாட்டுப்பட்டிட்டார்."

"நீர் வந்து போடுமன்."

"எனக்கென்னத்துக்கு? மச்சாளின்ரை புத்தகம். மச்சாளின்ரை அலுமாரி." கனகேஸ்வரியைப் பார்த்துச் சிரித்தாள். "இந்த ஃபிளாட்டில எல்லாமே அளவாத்தான் மச்சாள். கொஞ்சம் கூடினாலும் உள்ளுக்குப் போகாது."

பகிடியாகத்தான் சொன்னாள். உமாசுதனும் சிரித்தான்.

"சுதன், திருகாணியளை அரைச் சுத்து இளக்கு. பின்பலகையைக் கழட்டிப்போட்டு..."

"கழட்டிறதோ? இப்பவோ? ராகுகாலத்திலையோ?"

"படுக்க வைச்சுச் செய்தா லேசாப் போகும். பள்ளிக்கூடத்தில ஆறு அலுமாரி பொருத்திப் பூட்டினனாங்கள்."

"அக்கா, அது அந்தக் காலத்துப் பலகை. இது சிப்போட். எனக்குத் தெரியும்."

சுத்தியலை எடுத்துத் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டு. மூன்றாவது பலமாக விழுந்தது. விளிம்பு உடைந்து, உள்ளிருந்த மரத்தூள் அவனுடைய முழங்காலில் கொட்டியது. பலகையின் வெள்ளைத் தோலுக்குக் கீழே வேறு ஒன்றும் இருக்கவில்லை.

அவன் தூளைத் தட்டிவிட்டுக் கடைக்குத் தொலைபேசி எடுத்தான்.

"மல்லி, மேகே லேலி அதுலட்ட யன்னே நே." பலகைகள் உள்ளே போகவில்லை என்று சிங்களத்தில் மூன்று விதமாகச் சொன்னான். உடைந்ததைப் பற்றிச் சொல்லவில்லை. கடைக்காரன் சொன்னதைக் கேட்கக் கேட்க அவனுடைய முகம் இளகியது. ஒரு வேலை கைவிட்டுப் போவதன் நிம்மதி அது. கனகேஸ்வரி அதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாள்.

"கொம்பனிப் பிழைதான். நாளைக்கு லொறி வந்து எடுப்பாங்களாம்."

"பிறகு?"

"பிறகென்ன, காசைத் தருவாங்கள். வேறை யோசிப்பம்."

பதினொரு மணிக்கு உமாசுதனும் உஷாந்தியும் இரத்மலானைக்குப் புறப்பட்டார்கள். உஷாந்தியின் தாய் வீட்டில் மதியச் சாப்பாடு. கனகேஸ்வரியையும் கேட்டார்கள். அவள் வரவில்லை என்றதும் உமாசுதன் இரண்டாம் தரம் கேட்கவில்லை. கார் ஒழுங்கையைத் தாண்டிக் காலி வீதிக்கு ஏறும்வரை பல்கனியில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து கதவைப் பூட்டினாள்.

ராகுகாலம் முடிய ஒரு மணி நேரம் இருந்தது. அவள் காத்திருக்கவில்லை.

தட்டுகளை வெளியே எடுத்தாள். அலுமாரியைத் தன்மேல் சாய்த்து, அதன் பாரத்தை வாங்கியபடி மெல்ல மெல்லக் குப்புறக் கிடத்தினாள். குறட்டைத் தேடி எடுத்தாள். இருபத்திரண்டு ஆணிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு சிரட்டைக்குள் போட்டாள். உமாசுதன் பலகையைக் கொஞ்சம் சரிவாக வைத்து அடித்திருந்தான். பார்த்தவுடன் தெரிந்தது. பலகை சரிந்தால் அலுமாரியின் கூடும் சரியும். கூடு சரிந்தால் நடுத் தட்டுகள் போகாது. ஆணிகள் வெளியே வந்ததும் பக்கப் பலகைகள் மெல்ல ஒரு சத்தத்தோடு விலகின. மூச்சு விட்டது போல இருந்தது.

பள்ளிக்கூடத்தில், பழைய மாணவிகள் அன்பளிப்பாக அனுப்பிய ஆறு அலுமாரிகளை அவளும் சிற்றூழியர் இராமரும் பூட்டினார்கள். முதலாவதில் இரண்டு தட்டு உடைந்தது. இராமர் பலத்தை நம்புகிறவர். அவள்தான் தாளைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். எல்லாத் திருகாணியையும் முதலில் இறுக்கிவிடக் கூடாது. எல்லாவற்றையும் அரைகுறையாக விட்டு, கூடு ஆடும்படி வைத்திருக்க வேண்டும். ஆடுகிற கூட்டுக்குள் எதுவும் போகும். எல்லாம் உள்ளே வந்தபின்தான் இறுக்க வேண்டும். ஆறாவது அலுமாரியை அரை மணி நேரத்தில் முடித்தார்கள்.

நான்கு மூலைகளிலும் திருகாணிகளை அரைச் சுற்று இளக்கினாள். கறண்ட் போனால் எடுக்க வைத்திருந்த மெழுகுதிரியை, தட்டுகள் அலுமாரிக்குள் நுழையும் விளிம்புகளில் தேய்த்தாள். நடுத் தட்டிலிருந்து தொடங்கினாள். தட்டைச் சரித்து, ஒரு முனையை முதலில் உள்ளே கொடுத்து, மற்ற முனையை உள்ளங்கையால் அமத்தினாள். தட்டவில்லை. அமத்தினாள். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது உடைந்த தட்டு. உடைந்த விளிம்பைப் பின்பக்கம் திருப்பிப் போட்டாள். மேல் தட்டும் கீழ்த் தட்டும் லேசாகவே போயின. மூலைக்கு மூலை நூல் பிடித்து இரண்டு பக்கமும் சமமா என்று பார்த்தாள். திருகாணிகளை இறுக்கினாள். பின்பலகையை நேராக வைத்து, மேலிருந்து ஆணிகளை அடித்துக்கொண்டு வந்தாள்.

ஏழாவது ஆணியில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து ஃபிளாட் பஹ்மியா.

"என்னா டீச்சர், தனியாவா அடிக்கிறீங்க? ஊட்டுல யாருமில்லியா?"

"வெளியில போட்டினம்."

பஹ்மியா உள்ளே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "காலையில ஒரு சத்தம் கேட்டிச்சே, அது தம்பியா? ஆம்பளயளுக்கு இது சரிவராது டீச்சர். எங்கட ஊட்டுக் கட்டில எட்டு வருஷத்துக்கு முந்தி அவர்தான் பூட்டினார். இன்னமும் ஆடுது. கேட்டா கட்டில் பிழையாம்."

மிச்ச ஆணிகளும் இறங்கியபின் இருவரும் சேர்ந்து அலுமாரியை நிமிர்த்தினார்கள். அது ஆடாமல் நின்றது. மூலைக்குத் தள்ளினார்கள். பஹ்மியா அதைச் சுவரோடு சாத்தப் பார்த்தாள்.

"இல்லை. முதுகை இஞ்சாலை திருப்புவம்."

"அப்ப புத்தகம் தெரியாதே டீச்சர்?"

"தெரிய வேண்டாம்."

கனகேஸ்வரி சோபாவுக்குப் பின்னாலிருந்து மெத்தையை இழுத்துக்கொண்டு வந்தாள். பஹ்மியா மெத்தையைப் பார்த்தாள். மூலையைப் பார்த்தாள். பகிடியை நிறுத்திக்கொண்டாள்.

"இன்னுங் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்தா காலும் மறைஞ்சிரும்," என்றாள்.

"பல்கனிக் கதவு திறக்கேலாமப் போயிடும்."

"அப்ப கால் தெரியட்டும்."

அவள் போனபின் கனகேஸ்வரி புத்தகங்களை அடுக்கினாள். ஏழு பெட்டிகளில் நான்கில் இருந்தவைதான் அடங்கின. உடைந்த தட்டில் பாரம் வைக்கவில்லை. அங்கே கண்ணாடி, மருந்துக் குளிசைகள், சீப்பு, மடித்த இரண்டு சேலைகள். பிறகு படுத்தாள். பகல் வெளிச்சத்தில், வெறும் மெத்தையில், தலையணைகூட இல்லாமல். ஒரு ரயில் கடற்கரையோடு போனது. பலகை மெல்ல அதிர்ந்து நின்றது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவள் வாய் திறந்தபடி நித்திரை கொண்டாள்.

கதவில் திறப்புத் திரும்பும் சத்தத்தில் விழித்தபோது நான்கு மணி இருக்கும்.

"ஐயோ, ஹோல் இருண்டு போச்சு," என்றாள் உஷாந்தி.

செருப்புகள் நின்றன. யாரோ பொலித்தீன் பையை மேசையில் வைத்தார்கள். அவர்கள் தன் பாதங்களைப் பார்க்கிறார்கள் என்று கனகேஸ்வரிக்குத் தெரிந்தது. மடக்கலாமா என்று யோசித்தாள். மடக்கவில்லை.

"ஆர் அக்கா பூட்டினது?"

"நான்தான். நிமித்தேக்கை பஹ்மியா உதவினவ."

"நாளைக்கு லொறி வருதே."

"வரவேண்டாமெண்டு சொல்லு."

உஷாந்தி வகுப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். லண்டன் பிள்ளைகள் கணினியில் வர இரவு ஒன்பதாகும். உமாசுதன் சோபாவில் உட்கார்ந்தான். அவனுக்கு முன்னால் வெள்ளைப் பின்பலகையும் அதில் இருபத்திரண்டு ஆணித் தலைகளும் மட்டும் இருந்திருக்கும். நேராக அடித்திருந்தாள்.

"அக்கா."

"ம்."

"இரத்மலானையில ஒரு லேடீஸ் போர்டிங் இருக்கு. உஷாந்தியின்ரை அம்மாவுக்குத் தெரிஞ்ச சிஸ்டர்மார் நடத்திறது. தனி அறை. யன்னல் இருக்கு. சாப்பாடும் குடுப்பினம். போய்ப் பாத்திட்டுத்தான் வாறன்."

"இண்டைக்கோ?"

"ஓம்."

"ராகுகாலத்திலையோ?"

"இல்லை. பன்ரண்டுக்குப் பிறகு."

அவன் உண்மையாகவே பதில் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வரவில்லை.

"உங்களுக்கு இஞ்சை வசதியில்லை எண்டு எனக்கும் விளங்குது அக்கா. ஹோலில படுக்கிறது ஒரு சீவியமே? நீங்கள் வாய் திறந்து சொல்லமாட்டியள். நான்தானே பாக்கவேணும்."

"என்ன சொன்னனி அவையிட்டை?"

"ஒண்டாம் திகதி வருவா எண்டு சொன்னனான்."

கடல் காற்றில் பல்கனிக் கதவு ஒருமுறை அடித்தது. யாரும் எழுந்து சாத்தவில்லை. கனகேஸ்வரி தனக்கு நேரே இருந்த தட்டுகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒரு மயிரிழைகூடச் சரிவில்லை. எல்லாத் திருகாணிகளும் இறுகியிருந்தன.

அவன் எழுந்து வருவது கேட்டது. அலுமாரிக்கு அந்தப் பக்கத்தில் நின்றான். விரல் மொளியால் பின்பலகையில் இரண்டு தரம் தட்டினான். அவளுடைய தலைக்கு நேராக.

"கட்டில், அலுமாரி எல்லாம் அங்கையே குடுப்பினமாம். இதைத் திருப்பிக் கழட்டலாந்தானே, அக்கா?"