மூன்றாவது மாடிக்குச் சம்மதம்

டெய்லரம்மா மேலிருந்து கீழாகப் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, சுவர் ஓரத்திலிருந்து கம்பி வரை ஈரத்துணியை ஒரே இழுப்பாக இழுப்பாள். பிறகு வெறுங்கையால் ஒரு தடவு. மண் நெருடினால் இன்னொரு இழுப்பு. கண்ணை நம்பி அவளால் வேலை செய்ய முடிவதில்லை. வலது கண்ணில் பால் ஊற்றினாற்போல் வெறும் வெள்ளை. இடது கண்ணில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதுவும் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் குப்பைப் பையோடு இறங்கி வந்தாள்.

"ஆயாம்மா, எங்க பாத்ரூம் குழாய் ஒழுகுது. ஓனர்கிட்ட சொல்றீங்களா? போன் போட்டா எடுக்கவே மாட்டேங்கறாரு."

"சொல்றேம்மா. ஞாயித்துக்கிழமை வர்றாரு."

"நீங்களாவது இருக்கீங்களே, சொல்றதுக்கு" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஈரப்படிகளைத் தாண்டித் தாண்டிப் போனாள்.

அவள் ஓனர் என்றது டெய்லரம்மாவின் மகனை. பத்திரத்தில் இருப்பதோ டெய்லரம்மாவின் பெயர். அதைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் படி துடைக்கிற கூலியை எந்த முகத்தோடு வாங்குவது?

புருஷன் போன பிறகு அவள் தைத்துத் தைத்துக் கட்டிய வீடு அது. பள்ளிக்கூடச் சீருடை, ஜாக்கெட், துணிக்கடைக்கு மொத்தமாகப் பாவாடை. தரைத்தளம் மட்டும்தான் தையல் மெஷின் கட்டியது. மகன் வேலைக்குப் போன பிறகு அதை ஈடு வைத்து முதல் மாடி எழும்பியது. முதல் மாடியைக் காட்டி இரண்டாவது. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்றவன், தவணையைக் கட்டிப்பார் என்று சேர்த்துச் சொல்ல மறந்துவிட்டான். வாடகை முழுவதும் நேராக வங்கிக்குப் போய், கடன் தவணையில் கழிந்து, அங்கேயே தீர்ந்தது. அப்படியும் துண்டு விழுந்தபோது, "சும்மா கெடக்கிற எடம்தானேம்மா" என்று மகன் முன்னறையைச் செல்போன் கடைக்கு விட்டான். அவள் பின்னறைக்குப் போனாள். பின்னறைக்கும் ஆள் கிடைத்தது. இப்போது படிக்கட்டுக்கு அடியில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு கட்டில். மாடிக்கு யாராவது ஏறினால் தலைக்கு மேல் நடந்து போவார்கள்.

அங்கே இருப்பதைப் பார்த்துத்தான் குடியிருப்பவர்கள் ஒருநாள் வந்து நின்றார்கள். பழைய ஆள் நின்றுவிட்டாள், படி துடைத்து மோட்டார் போட்டுவிடுகிறீர்களா என்று கேட்டார்கள். நான்தான் வீட்டுக்காரி என்று சொல்லத்தான் டெய்லரம்மா வாயைத் திறந்தாள். "எவ்வளவு தருவீங்க?" என்றுதான் வந்தது. அவர்கள் போனதும் வயிறு குலுங்கச் சிரித்தாள். இதைச் சொல்லிச் சிரிக்க ஓர் ஆள் இல்லையே என்று தோன்றியதும் அழுகை வந்துவிட்டது.

செல்போன் கடைக்காரர் ஒருவருக்குத்தான் விஷயம் தெரியும். "என்ன கோடீஸ்வரி, இன்னிக்குப் படி பளபளன்னு இருக்கே" என்பார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நாள் முழுக்க அவளோடு பேசுகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால், அந்தக் கேலிக்கும் சிரித்தே ஆகவேண்டியிருந்தது.

கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷனை இனித் தள்ளிப்போட்டால் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை இலவசமாகச் செய்கிற ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பார்த்தாள். சொந்த வீடா என்று கேட்டார்கள். எத்தனை மாடி என்று கேட்டார்கள். அதற்கு மேல் கேட்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வங்கியில் பண ஆலோசனை சொல்ல என்றே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். நாற்காலியை இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

"உங்ககிட்ட சொத்து இருக்கும்மா, பணம்தான் இல்ல."

"ரெண்டும் ஒண்ணுன்னுதானேம்மா சொன்னாங்க?"

"இல்லம்மா. எல்லாத்தையும் ஒரே எடத்துல முடக்கி வெச்சிருக்கீங்க. கொஞ்சத்தை வித்து டெபாசிட்ல போட்டிருந்தா அவசரத்துக்கு ஆகும்."

"எந்தக் கொஞ்சத்தை விக்கிறது? படிக்கட்டையா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வருத்தப்பட்டவள்போல் முகத்தை மாற்றிக்கொண்டாள். "வீடு ஏற்கெனவே அடமானத்துல இருக்கு. புதுசா எதுவும் தர முடியாது. மகன்கிட்டதான் கேக்கணும்."

மகனிடம் கேட்டாள். போனில் அவன் நிதானமாகக் கேட்டுக்கொண்டான். "ஒரு ஏற்பாடு பண்றேன்மா. ஞாயித்துக்கிழமை வர்றேன், கண்ணு விஷயத்தையும் சேர்த்தே பாத்துக்கலாம்." அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருந்த சேலைகளில் நல்லதாக ஒன்றைத் தடவித் தேடி எடுத்து மடித்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகனோடு இன்னொருவரும் வந்தார். வெள்ளைச் சட்டை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. வேறொரு வங்கியிலிருந்து வந்திருப்பதாக மகன் சொன்னான். அந்த மனிதர் மொட்டைமாடி வரை ஏறிப்போய் அளந்துவிட்டு வந்தார்.

"பழைய கடனை இவங்க அடைச்சிடறாங்கம்மா. அதுக்கு மேல கொஞ்சம் சேர்த்துத் தர்றாங்க. மூணாவது மாடி போட்டுடலாம்."

"கண்ணு?"

"மாடி முடிஞ்சு வாடகை வந்ததும் மொத வேலை அதுதான்."

"ரெண்டாவது மாடிக்கும் இப்படித்தாம்ப்பா சொன்ன. அப்ப முழங்காலு."

மகன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். தலை படிக்கட்டின் அடிப்பக்கத்தில் இடிக்காமல் குனிந்துகொண்டான். "எங்கையில மட்டும் பணம் இருக்காம்மா? நானும் வேலை பாக்கிற ஊர்ல வாடகை வீட்டுலதான் இருக்கேன். புள்ளைங்களுக்குன்னு நான் வெச்சிருக்கிறது இந்த வீடு ஒண்ணுதான். மண்ணு ஏமாத்தாதும்மா."

"ஒரு மாடிய வித்துடலாமே."

"ஒத்தை மாடிய எவன் வாங்குவான்? வித்தா மொத்தமா விக்கணும். வித்துட்டு நீ எங்க போவ?"

உன் வீட்டுக்கு வருகிறேன் என்று தொண்டை வரை வந்தது. அவனும் அது வந்துவிடுமோ என்று பயந்தவன்போல் செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டான். பெற்ற பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, யாரும் இல்லாத நாட்களைவிடத் தனியாக இருந்தது அவளுக்கு.

"சரி, எங்க வரணும்" என்று எழுந்தாள்.

வாசலில் வெளிச்சம் நன்றாக இருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் அவளை வீட்டுக்கு முன்னால் நிற்க வைத்தார்.

"பயப்படாதீங்கம்மா, இப்ப எல்லாருக்கும் வீடியோ எடுக்கச் சொல்லிட்டாங்க. யாரோ கட்டாயப்படுத்தி வாங்கினாங்கன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாதில்ல? உங்க பேரு சொல்லுங்க. வீடு உங்களோடதுன்னு சொல்லுங்க. எதுக்குக் கடன் வாங்கறீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க. அவ்வளவுதான்."

அவள் தன் பெயரைச் சொன்னாள். அதைச் சொல்லி ரொம்ப நாள் ஆகியிருந்ததால் குரல் கம்மியது. இந்த வீடு என்னுது என்றாள். கடையில் வேலையாக இருந்தவர்கூடத் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"எதுக்காகக் கடன் வாங்கறீங்கம்மா?"

"கண்ணுக்கு."

மகன் "அம்மா" என்றான். வெள்ளைச் சட்டைக்காரர் செல்போன் பிடித்த கையைத் தாழ்த்தினார்.

"அப்படிச் சொன்னா ஃபைல் திரும்பி வந்துடும்மா. இது கட்டடக் கடன், வைத்தியத்துக்குத் தரமாட்டாங்க. பரவால்ல, இதை அழிச்சுடறேன். மறுபடியும் எடுத்துக்கலாம், எனக்கொண்ணும் அவசரமில்ல."

அவர் குரலில் துளி எரிச்சல் இல்லை. அதனாலேயே அவளுக்கு எதிர்த்துச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. மகனின் முகம் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அது வெறும் மங்கலாக இருந்தது. கோபமா, கெஞ்சலா என்று தெரியவில்லை.

மறுபடியும் பெயரைச் சொன்னாள். வீடு என்னுது என்றாள்.

"எதுக்காகம்மா?"

"மூணாவது மாடி கட்ட."

"முழு சம்மதத்தோடதானே?"

"முழு சம்மதத்தோட."

"நல்லா சொன்னீங்க" என்றவர், எடுத்ததைப் போட்டுப் பார்த்தார். "அடடா, ஒரே ஒரு குறை. நீங்க எங்கயோ பாத்துட்டு சொல்றீங்க. கேமராவைப் பாத்துச் சொல்லணும்மா, இல்லன்னா மேல ஒத்துக்க மாட்டாங்க. இன்னும் ஒரே தடவை. இங்க பாருங்க."

குரல் வந்த பக்கம் அவள் முகத்தைத் திருப்பினாள்.

"அங்க இல்லம்மா. இங்க. என் கையப் பாருங்க."

கை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. மகன் அருகில் வந்தான். இரண்டு உள்ளங்கைகளாலும் அவள் கன்னத்தைப் பிடித்து, முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கமாகத் திருப்பி, மோவாயைத் தூக்கி நிறுத்தினான். அவன் கை அவள் முகத்தில் பட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்க மாட்டானா என்று இருந்தது. "அப்படியே ஆடாம நில்லும்மா" என்று சொல்லிவிட்டு, படத்தில் விழாமல் அவன் நகர்ந்துகொண்டான்.

அவள் ஆடாமல் நின்றாள். இரண்டு கண்களையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு, தன் பெயரிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தாள்.