பத்துக்கு நான்கு

"பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியல. உங்களுக்கு எவ்வளவு ஐயா?" என்று அவசரப் பிரிவு நர்ஸ் கேட்டதும் வாத்தியார் மனைவிக்குத் திக்கென்றது. கேட்கக்கூடாத ஆளிடம் கேட்டுவிட்டாளே இந்தப் பெண்!

முப்பத்தாறு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷன். பத்துக்கு ஏழைத் தாண்டி அவர் சிவப்பு மையால் மார்க் போட்டு யாரும் பார்த்ததில்லை. விடை சரியாகவே இருந்தாலும் கோடு கோணல் என்று அரை மார்க்கைப் பிடுங்கிக்கொள்வார். கல்யாணமான புதிதில் இவள் சமையலுக்குக் கிடைத்தது ஐந்து. அதுவும் போனால் போகிறதென்று.

இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, நிதானமாக யோசித்தார். வேர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது.

"நாலு."

"அய்யோ, இவர் நாலுன்னா மத்தவங்களுக்கு ஒம்பதும்மா! காலையிலேருந்து மூணு தடவை வாந்தி."

"நோயாளி சொல்றதத்தாம்மா நான் எழுத முடியும். பிரஷர் நல்லாத்தான் இருக்கு. கூப்பிடுவோம், உக்காருங்க." மணிக்கட்டில் பச்சைப் பட்டை கட்டினாள். பச்சை என்றால் கடைசி.

வரிசையாகப் பிணைத்த இரும்பு நாற்காலிகள். ஒருவர் அசைந்தால் ஆறு பேர் ஆடினார்கள். கால் பிசகிய இளைஞன் ஒருவன் "பதினஞ்சு! பதினஞ்சு!" என்று அலறிக்கொண்டு வந்தான். உடனே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

"பத்துக்குப் பதினஞ்சாம்," என்று முனகினார் வாத்தியார். "முட்டாள்."

"முட்டாள் உள்ள கட்டில்ல படுத்திருக்கான். அறிவாளிதான் இங்க உக்காந்திருக்கு. ஏங்க, கூட ரெண்டு போட்டா குடி முழுகிடுமா?"

"இதைவிட மோசமா வந்தா? அப்ப போட மிச்சம் வேணாமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. சொந்த மகளையே முழுப்பரீட்சையில் ஒரு மார்க்கில் பெயிலாக்கிவிட்டு அவர் வந்த அன்றும் இப்படித்தான் கெஞ்சினாள். அப்பாவோடு பேச்சை நிறுத்திய மகள், இன்றுவரை தொலைபேசியில் "அம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறாள். மனுஷன் யாருக்கும் கொடுக்காமல் சேர்த்து வைத்த மூன்று மூன்று மார்க்குகளை எங்கே கொண்டுபோய்க் கொட்டப் போகிறார்?

மூன்றாவது மணி நேரத்தில் அவருடைய முனகல் சட்டென்று நின்றது. தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார்.

"விட்டுடுச்சு. ரெண்டுதான் இருக்கும். போய்த் திருத்திக்கச் சொல்லு. தப்பா எழுதியிருக்கக் கூடாது."

அவள் அவர் கையைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. உதடு சாம்பல் பூத்திருந்தது. சட்டைக்குமேல் கை வைத்தாள். வயிறு பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. படிக்காதவள்தான். ஆனாலும் இது வலி விட்ட முகமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

கண்ணாடி ஜன்னலுக்கு ஓடினாள். நாலு பேரைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

நர்ஸ் பேனாவை எடுத்தாள். "இப்ப எவ்வளவு சொல்றாரு?"

"பத்து," என்றாள் அவள். "பத்துன்னு சொல்லச் சொன்னாரும்மா."

பேனா காகிதத்தைத் தொடவில்லை. நர்ஸ் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவளும் திரும்பினாள். இரும்பு நாற்காலியில் சரிந்து கிடந்த வாத்தியார், வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற உயரத்தில், இரண்டு விரல்களைத் தூக்கிப் பிடித்திருந்தார்.